நல்ல குரல் இருந்தால் மட்டும் போதுமா? டிவி, ரேடியோவில் பேசக் கற்றுக்கொள்வது எப்படி?

இந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

"ரூ.2.05 கோடியில் கட்டப்பட்ட பாலம், பனியால் பணிகள் தாமதமானதால் நாளை திறக்கப்படாது."

'இரண்டு புள்ளி பூஜ்ஜியம் ஐந்து கோடி'யா, 'இரண்டு கோடியே ஐந்து லட்சம்' என்பதா என்று நாக்கு ஒரு நொடி தடுமாறியிருக்கும். 'பனி'யும் 'பணி'யும் ஒரே மாதிரி ஒலித்திருக்கலாம். 'திறக்கப்படாது' என்ற கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் மூச்சு தீர்ந்து, குரல் இறங்கியிருக்கும். பக்கத்து அறையில் இருப்பவர் காதில், பாலம் நாளை திறக்கப்படுகிறது என்றே விழுந்திருக்கும்.

ஒரே வரியில் மூன்று சறுக்கல். மூன்றுக்கும் குரல் வளத்துக்கும் சம்பந்தமே இல்லை.

"உனக்கு வாய்ஸ் சூப்பரா இருக்கு, நியூஸ் ரீடர் ஆகலாமே" என்று யாரோ சொன்னதைக் கேட்டு இந்தத் துறையைப் பற்றி யோசிப்பவர்கள் நிறைய பேர். "என் குரல் கீச்சுனு இருக்கும், எனக்கு இதெல்லாம் வராது" என்று ஒதுங்கிவிடுபவர்களும் நிறைய பேர். இரு தரப்புமே குரலைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் மைக் முன்னால் உட்கார்பவரின் வேலை வேறு. தான் முதலில் புரிந்துகொண்டு, அதை முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரே தடவையில் புரிய வைப்பதுதான் அந்த வேலை. அதைக் கற்றுக்கொள்ள முடியும். எப்படி?

குரல் பிறவியிலேயே வருவதா?

குரலின் அடிப்படைத் தன்மை உடலமைப்பைப் பொறுத்தது. ஆனால் அதைப் பயன்படுத்தும் விதம் பழக்கத்தால் வருவது.

இதற்கு வரலாற்றில் பெரிய உதாரணம், பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜ். அவருக்குத் திக்குவாய் இருந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேச்சுப் பயிற்சியாளர் லயனல் லோக் அவருக்குப் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார். 1939 செப்டம்பர் 3ஆம் தேதி, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இறங்கியதைப் பற்றி மன்னர் வானொலியில் நாட்டு மக்களிடம் பேசினார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று உரைகளில் கோடு போட்டுக் குறித்துக் கொடுப்பது லோக்கின் வழக்கம். 2010இல் வெளியான 'தி கிங்ஸ் ஸ்பீச்' படம் இந்தக் கதையைத்தான் சொன்னது.

தாளில் கோடு போடும் அந்தப் பழக்கம் இன்றைக்கும் ஸ்டூடியோக்களில் உண்டு.

தமிழில் "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்ற வரியை ஒரு தலைமுறையே மறக்கவில்லை. டெல்லியில் இருந்து வந்த அந்தக் குரலுக்கு உரியவர் 2022 ஆகஸ்டில் தனது 87வது வயதில் காலமானார். அந்தக் குரல் நினைவில் நிற்பதற்கு இனிமை மட்டும் காரணம் இல்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும். கடைசி எழுத்து வரை தேயாது.

செய்தி வாசிப்பாளர், ஆங்கர், ஆர்.ஜே. எல்லாம் ஒன்றா?

இல்லை. பயிற்சி எடுக்கும் முன் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

செய்தி வாசிப்பாளர், எழுதிக் கொடுத்த செய்தியைச் சொந்தக் கருத்து கலக்காமல் சொல்பவர். ஆங்கர் எனப்படும் நெறியாளர், வாசிப்பதோடு களத்தில் உள்ள செய்தியாளரிடம் கேள்வி கேட்பார், விவாதம் நடத்துவார், எழுதிக் கொடுக்காததையும் பேசுவார். வானொலி அறிவிப்பாளர், நிகழ்ச்சிகளை இணைத்து வழிநடத்துபவர். ஆர்.ஜே., நேயரிடம் நண்பரைப் போல அரட்டை அடிப்பவர்.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து வழங்க அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் மறுஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். எனவே "எஃப்.எம்.ல சேர்ந்து நியூஸ் வாசிக்கணும்" என்று நினைப்பவர்கள் திட்டத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

டிவிக்கும் ரேடியோவுக்கும் உள்ள வித்தியாசமும் முக்கியம். டிவியில் படம் பாதி கதையைச் சொல்லிவிடும். வெள்ளக் காட்சி ஓடும்போது "தண்ணீர் ஓடுகிறது" என்று சொல்லத் தேவையில்லை, எந்த ஊர், எவ்வளவு சேதம் என்று சொன்னால் போதும். ரேடியோவில் குரல் மட்டுமே உண்டு. கேட்பவர் சமைத்துக்கொண்டோ, வண்டி ஓட்டிக்கொண்டோ இருப்பார். தவறவிட்டால் திரும்பிப் பார்க்க அவருக்கு எழுத்து கிடையாது.

முதல் பாடம் மூச்சு. ஏன்?

தமிழில் வாக்கியத்தின் முடிவு கடைசிச் சொல்லில் இருக்கிறது. "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்பது வரை கேட்ட குழந்தை துள்ளிக் குதிக்கும். அடுத்து வரும் "இல்லை"தான் செய்தி. இருக்கிறது, இல்லை, செய்தார், செய்யவில்லை, திறக்கப்படும், திறக்கப்படாது என எல்லாமே கடைசியில்தான் வரும்.

பழகாதவருக்கு மூச்சு தீர்வதும் அதே இடத்தில்தான். அதனால்தான் தமிழில் வாசிப்பவருக்கு மூச்சுப் பயிற்சி அலங்காரம் இல்லை, அவசியம்.

பதற்றத்தில் இருப்பவர்கள் தோளைத் தூக்கி, நெஞ்சின் மேல்பகுதியால் மூச்சு வாங்குவார்கள். அது சீக்கிரம் தீர்ந்துவிடும். சரியான முறையில், மூச்சை இழுக்கும்போது வயிறு லேசாக முன்னால் வரும், தோள் அசையாது. ஒரு கையை வயிற்றில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

எளிய பயிற்சி ஒன்று: நிதானமாக மூச்சை இழுத்து, 'ஸ்ஸ்ஸ்' என்று சீராக விட வேண்டும். தொடக்கத்தில் 10, 15 நொடிகள் வரலாம். தினமும் செய்தால் கூடும். எவ்வளவு நேரம் வருகிறது என்பதைவிட, கடைசி வரை ஒரே அளவில் வருகிறதா என்பதுதான் முக்கியம்.

கூடவே ஒரு எச்சரிக்கை. கம்பீரமாக இருக்க வேண்டும் என்று குரலைச் செயற்கையாக அடித்தொண்டைக்கு இறக்கிப் பேசுவது தொண்டையைக் கெடுக்கும். உங்கள் இயல்பான குரல் எதுவோ அதுவே போதும். குரல் கம்மி மூன்று வாரம் தாண்டியும் சரியாகவில்லை என்றால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

ல, ள, ழ மட்டும் சரியாக வந்தால் போதுமா?

அது தொடக்கம். 'ல'வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் பின்பக்கம் தொடும். 'ள'வுக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கு நுனி இன்னும் பின்னால் வளையும், ஆனால் எதையும் தொடாது. கண்ணாடி முன் நின்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தால் இந்த மூன்று இடங்களும் பிடிபடும்.

தனி எழுத்தாகச் சொல்லும்போது பலருக்கும் சரியாக வரும். வேகமாக வாசிக்கும்போதுதான் வழுக்கும். அதனால் செய்தியில் வரும் சொற்களைக் கொண்டே பழகலாம்:

"மலையில் மழை."
"கொல்லைப்புறம் வழியாக வந்து கொள்ளை."
"விளைந்த நெல்லுக்கு விலை இல்லை."
"வெள்ளத்தில் வெல்ல மூட்டைகள் சேதம்."
"பனியால் பணி தாமதம்."

இதைத் தாண்டி இன்னொரு சிக்கல் இருக்கிறது. தமிழ் எழுத்து எல்லா ஒலியையும் காட்டாது. 'க' என்ற ஒரே எழுத்து 'கடல்' என்பதில் ஒரு மாதிரி, 'அகம்' என்பதில் ஒரு மாதிரி, 'அங்கே' என்பதில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. தமிழ்ச் சொற்களில் இது பழக்கத்தில் தானாக வந்துவிடும். வெளிநாட்டுப் பெயர்களில் வராது.

'பாலி' என்று தாளில் இருக்கிறது. இந்தோனேசியாவின் பாலி தீவு என்றால் 'பாரதி' என்ற பெயரைச் சொல்வது போல அழுத்தமான 'பா'. பௌத்த நூல்கள் எழுதப்பட்ட பாலி மொழி என்றால் 'பாட்டு' என்பதில் வரும் மெல்லிய 'பா'. எழுத்து ஒன்றுதான். எது என்று செய்தியைப் புரிந்துகொண்டவருக்கு மட்டுமே தெரியும்.

ஆகவே, பெயர் தெரியாவிட்டால் கேட்பதே தொழில் நேர்மை. ஊர்ப் பெயர் என்றால் அந்தப் பகுதிச் செய்தியாளரிடம் ஒரு போன் போட்டுக் கேட்கலாம். கேட்டதைத் தாளில் தனக்குப் புரியும்படி எழுதி வைத்துக்கொள்ளலாம். தன் ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொல்லும் டிவியை அந்த ஊர்க்காரர் அடுத்த செய்தியிலும் நம்ப மாட்டார்.

எண்களை எப்படி வாசிப்பது?

நேரலையில் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. 2.05 கோடி என்றால் இரண்டு கோடியே ஐந்து லட்சம். 2.5 கோடி என்றால் இரண்டரைக் கோடி. இடையில் ஒரு பூஜ்ஜியம்தான், ஆனால் வித்தியாசம் 45 லட்சம் ரூபாய்.

1,00,50,000 என்பது ஒரு கோடியே ஐம்பதாயிரம். அவசரத்தில் 'ஒரு கோடியே ஐம்பது லட்சம்' என்று வாய் போய்விடும். 0.25 சதவீதம் என்பதை 'கால் சதவீதம்' என்று சொன்னால் கேட்பவருக்கு உடனே புரியும். புள்ளிக்குப் பின் வரும் எண்களை ஒவ்வொன்றாகத்தான் சொல்ல வேண்டும். 'பூஜ்ஜியம் புள்ளி இருபத்தைந்து' என்பது தவறு.

அனுபவம் உள்ளவர்கள் எண்ணுக்கு மேலேயே எழுத்தால் எழுதி வைத்துக்கொள்வார்கள். நேரலையில் கணக்குப் போட நேரம் கிடையாது.

எழுத்துத் தமிழை அப்படியே வாசிக்கலாமா?

உதாரணத்துக்கு ஒரு கற்பனைச் செய்தி. அச்சில் இப்படி இருக்கலாம்:

"கடந்த 3 நாட்களாகப் பெய்துவரும் தொடர்மழையால் நிரம்பிய ஏரியின் கரையில் ஏற்பட்ட உடைப்பு காரணமாக 200 ஏக்கர் பரப்பளவில் பயிரிடப்பட்டிருந்த நெற்பயிர்கள் நீரில் மூழ்கின."

கண்ணால் படிக்கும்போது புரிகிறது. காதால் கேட்பவர், என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளக் கடைசிச் சொல் வரை எல்லாவற்றையும் நினைவில் சுமக்க வேண்டும். அதையே இப்படிச் சொல்லலாம்:

"3 நாளாக விடாமல் மழை. ஏரி நிரம்பி, கரை உடைந்துவிட்டது. 200 ஏக்கரில் இருந்த நெற்பயிர் தண்ணீரில் மூழ்கியிருக்கிறது."

தகவல் அதே தகவல்தான். மூன்று வாக்கியம், மூன்று முறை மூச்சு எடுக்க இடம். அதனால்தான் பல செய்தி அறைகளில் வாசிப்பவரே தன் தாளை ஒருமுறை திருத்திக்கொள்வார். வாய்க்கு வராத சொல் இருந்தால் மாற்றச் சொல்வார்.

பிறகு பென்சிலால் குறியிடுவது. சின்ன நிறுத்தத்துக்கு ஒரு கோடு, பெரிய நிறுத்தத்துக்கு இரண்டு கோடு, அழுத்த வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு. ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லை அழுத்தினால் போதும். எல்லாவற்றையும் அழுத்தினால் எதையும் அழுத்தாதது போலத்தான்.

வேகம் எவ்வளவு? ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு சுமார் 150 முதல் 160 சொற்கள் என்பார்கள். இதைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 'பயிரிடப்பட்டிருந்த' என்பது தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் மூன்று நான்கு ஆகிவிடும். ஒரு நிமிடம் வாசித்துப் பதிவு செய்து, செய்தி எதுவும் தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். என்ன புரிந்தது என்று அவர் திருப்பிச் சொன்னால் அது சரியான வேகம்.

லட்சக்கணக்கானோரிடம் எப்படிப் பேசுவது?

லட்சக்கணக்கானோரிடம் பேசவே கூடாது. ஒருவரிடம் பேச வேண்டும்.

மேடையில் "பெருமக்களே" என்றால் முன்னால் கூட்டம் இருக்கிறது. ரேடியோ கேட்பவர் பெரும்பாலும் தனியாக இருக்கிறார். மொபைலில் செய்தி பார்ப்பவரும் அப்படியே. அவருக்கும் பேசுபவருக்கும் இடையில் இருப்பது ஒரு மேஜை தூரம்தான். எனவே தெரிந்த ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்வது பழைய பயிற்சி முறை. அம்மாவாக இருக்கலாம், தெருமுனை டீக்கடைக்காரராக இருக்கலாம். அவரிடம் இந்தச் செய்தியை எப்படிச் சொல்வீர்களோ, அந்தத் தொனியை வைத்துக்கொண்டு, மொழியை மட்டும் கொஞ்சம் சீர்செய்தால் போதும்.

சுமார் அரை நூற்றாண்டுக்கு முன் தென் தமிழ்நாட்டில் பல வீடுகளில் இலங்கை வானொலி ஒலித்தது. பி.எச்.அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களை நேரில் பார்க்காத நேயர்கள், வீட்டு ஆளைப் போல நினைத்தார்கள். சொற்கள் சுத்தமாக இருந்தன, ஆனால் தள்ளி நிற்கவில்லை.

"எங்க ஊர் ஸ்லாங் வந்துடுது", அது தடையா?

பலரையும் தயங்க வைக்கும் கேள்வி இது. செய்தி வாசிப்பில் பொதுத்தமிழ் தேவை. நெல்லையில் இருப்பவருக்கும் கிருஷ்ணகிரியில் இருப்பவருக்கும் ஒரே மாதிரி புரிய வேண்டும் என்பதுதான் காரணம், ஒரு வழக்கு உயர்ந்தது என்பது இல்லை. அது ஒரு சட்டை போல. வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாம், ஊர்ப் பேச்சை விட்டுவிடத் தேவையில்லை.

ஊர்ப் பேச்சே பலமாக இருக்கும் இடமும் உண்டு. ராமேசுவரம் தீவின் பாம்பனில் 2016இல் தொடங்கப்பட்ட 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலி, மீனவர்களுக்கானது. மீனவ சமூகத்தைச் சேர்ந்தவர்களே அதில் பேசுகிறார்கள். காற்று எப்படி, கடலுக்குப் போகலாமா என்பதை அவர்களுக்குத் தெரிந்த சொல்லில் சொன்னால்தான் உதவும்.

கடலோரத்தில் ஒரு சொல்லின் விலை என்ன என்பதும் புரியும். துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை உண்டு. எண் மாறினால் பொருள் மாறும். 'தென்கிழக்கே' என்பதில் 'தென்' விழுங்கப்பட்டால் திசையே மாறும். கேட்பவர் அதை நம்பித்தான் படகை இறக்குவதா, கட்டுவதா என்று முடிவெடுக்கிறார்.

மைக், டெலிபிராம்ப்டர், இயர்பீஸ்: கருவிகளைப் பழகுவது எப்படி?

மைக்கில் இருந்து சுமார் ஒரு சாண் தூரம் நல்லது. வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக இருந்தால், 'ப', 'ஃப' வரும்போது காற்று மோதி 'டப்' என்று வெடிக்காது. மிக அருகில் போனால் குரல் கனமாகக் கேட்கும், சொல் தெளிவு குறையும். தாளைப் புரட்டும் சத்தம், வளையல் சத்தம், சட்டையில் குத்திய மைக்கில் துப்பட்டா உரசும் சத்தம் எல்லாம் பதிவாகும்.

டெலிபிராம்ப்டர் 1950 வாக்கில் அமெரிக்காவில் உருவானது. கேமராவுக்கு முன் சாய்ந்த கண்ணாடியில் எழுத்து தெரியும், பின்னால் உள்ள கேமராவுக்குத் தெரியாது. அதனால் வாசிப்பவர் பார்வையாளரைப் பார்ப்பது போல இருக்கும். புதியவர்கள் செய்யும் தவறு, எழுத்தின் பின்னால் ஓடுவது. இயக்குபவர் உங்கள் வேகத்துக்குத்தான் எழுத்தை நகர்த்துவார். கருவி நின்றுபோகும் நாளும் வரும். கையில் தாள் இருக்க வேண்டும், அது எந்த வரியில் இருக்கிறது என்று தெரிந்திருக்கவும் வேண்டும்.

இயர்பீஸ் இன்னும் கடினம். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தயாரிப்பாளர் காதில் "இன்னும் 20 நொடி", "செய்தியாளர் லைன்ல இருக்காரு" என்பார். வாய் நிற்கக் கூடாது. வீட்டில் வாசிக்கும்போது யாரையாவது பக்கத்தில் பேசச் சொல்லிப் பழகலாம்.

உடையிலும் கணக்கு உண்டு. நெருக்கமான மெல்லிய கோடு போட்ட சட்டை கேமராவில் நெளிவது போலத் தெரியும். பச்சைத் திரை முன்னால் பச்சை உடை அணிந்தால், அந்தப் பகுதியில் உடலுக்குப் பதில் பின்னணிப் படம் தெரியும்.

நேரலையில் தப்பு நடந்தால்?

நடக்கும். அதற்கும் பயிற்சி உண்டு.

தவறாக வாசித்தால் "மன்னிக்கவும், இரண்டு கோடியே ஐந்து லட்சம் ரூபாய்" என்று திருத்திவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். சிரித்து மழுப்புவதும், கண்டுகொள்ளாமல் தாண்டுவதும் தவறு. எண், பெயர், இடம் ஆகியவற்றில் வந்த பிழையைத் திருத்தாமல் விடவே கூடாது.

விபத்து, மரணம் பற்றிய செய்தியில் கூடுதல் கவனம் வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அவருடைய வீட்டாரும் இருக்கலாம். உறுதியாகாத பெயரையோ எண்ணிக்கையையோ ஊகித்துச் சொல்லக் கூடாது. "இதுவரை கிடைத்த தகவல் இது" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. துயரச் செய்தி முடிந்ததும் ஒரு நிறுத்தம் விட்டே அடுத்ததற்குப் போக வேண்டும். சினிமா செய்திக்கான சிரிப்பு அதற்கு முன் முகத்தில் வந்துவிடக் கூடாது.

வீட்டிலேயே பழக முடியுமா?

முடியும். ஒரு மொபைல் போதும். தினமும் அரை மணி நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

* 5 நிமிடம் மூச்சு, உச்சரிப்புப் பயிற்சி.
* 10 நிமிடம் செய்தித்தாளில் ஒரு செய்தியைப் பேசும் வாக்கியமாக மாற்றி எழுதுவது.
* 5 நிமிடம் அதை வாசித்துப் பதிவு செய்வது.
* 10 நிமிடம் கேட்டுப் பார்த்து, தடுக்கிய இடங்களைக் குறித்து மீண்டும் வாசிப்பது.

முதல் நாள் "ஐயோ, இதுவா என் குரல்?" என்று தோன்றும். பயப்பட வேண்டாம். பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமின்றி மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருகிறது. பதிவில் காற்று வழி ஒலி மட்டுமே இருக்கும். மற்றவர்கள் இத்தனை நாளாகக் கேட்டுவருவது அந்தக் குரலைத்தான்.

வாரம் ஒருமுறை பழைய பதிவைக் கேளுங்கள். பார்த்துப் பேசும் பயிற்சியும் தேவை. ஜன்னலுக்கு வெளியே தெரிவதைத் தாள் இல்லாமல் 2 நிமிடம் விவரித்துப் பாருங்கள். களத்தில் இருந்து நேரலை தருபவர்களின் வேலை அதுதான்.

எங்கே கற்கலாம்? வேலை எப்படிக் கிடைக்கும்?

ஆகாசவாணியின் சென்னை நிலையம் 1938இலும், திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கப்பட்டன. இன்று கோவை, மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், தருமபுரி, புதுச்சேரி போன்ற இடங்களிலும் நிலையங்கள் உள்ளன. தேவைப்படும்போது பகுதிநேர அறிவிப்பாளர்களுக்கு அறிவிப்பு வெளியிடுவார்கள். எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு இருக்கும். தேர்வானவர்களுக்கு 'வாணி' என்ற சான்றிதழ்ப் பயிற்சி தரப்படும். பொதுவாக மாதத்துக்கு 6 பணிகளுக்கு மேல் கிடைக்காது, நிரந்தர வேலைக்கும் உரிமை கோர முடியாது. செய்திப் பிரிவில் வாசிப்புடன் மொழிபெயர்ப்பும் சேர்ந்தே கேட்கப்படும். எனவே ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும் திறமை கைகொடுக்கும்.

கல்லூரியில் படிப்பவர்கள் வளாக வானொலியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 'அண்ணா எஃப்.எம்.' 2004இல் தொடங்கியது. சமுதாய வானொலிகளில் தப்பு செய்து பழகவும் இடம் கிடைக்கும்.

தனியார் டிவிக்களில் குரல் தேர்வு, கேமரா தேர்வு நடத்துவார்கள். டெஸ்க்கிலோ களத்திலோ செய்தியாளராக வேலை பார்த்தவர்களுக்கு நேரலையில் கை ஓங்கியிருக்கும். செய்தியின் பின்னணி தெரிந்திருப்பதுதான் காரணம்.

தனியார் பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள்:

* பாடம் எடுப்பவர் எங்கே, எத்தனை ஆண்டு மைக் முன் வேலை பார்த்தவர்?
* ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை நிமிடம் மைக், கேமரா கிடைக்கும்?
* ஒவ்வொருவரின் பதிவையும் கேட்டுத் தனித்தனியாகத் திருத்துவார்களா?
* முன்பு படித்தவர்களிடம் பேசலாமா?

"சேர்ந்தா சேனல்ல வேலை கன்ஃபார்ம்" என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடலாம். அரசு அறிவிப்பில் விண்ணப்பக் கட்டணம் இருக்கலாம், அது அறிவிப்பிலேயே அச்சாகியிருக்கும். கேமரா டெஸ்ட் எடுக்கவோ, வாய்ப்பு வாங்கித் தரவோ யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

"ஏஐ ஆங்கரே வந்தாச்சே, இனி இதைக் கற்று என்ன பயன்?"

நியாயமான கேள்விதான். 2024 மே மாதம் டிடி கிசான் சேனல், கிரிஷ், பூமி என்ற இரண்டு ஏஐ தொகுப்பாளர்களை அறிமுகம் செய்தது. தமிழ் உட்பட 50 மொழிகளில் பேசும் என்று அறிவிக்கப்பட்டது. அவற்றுக்கு மூச்சு வாங்காது, நாக்கு தடுக்காது.

எழுதிக் கொடுத்ததை வாசிப்பது மட்டுமே வேலை என்றால் போட்டி கடுமையாகத்தான் இருக்கும். ஆனால் அமைச்சர் கேள்வியைத் தவிர்க்கும்போது அதே கேள்வியைத் திரும்பக் கேட்பது, தாளில் உள்ள எண்ணில் ஏதோ இடிக்கிறதே என்று நின்று விசாரிப்பது, எந்த இடத்தில் மௌனமாக இருக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது ஆகியவை புரிந்துகொண்டு பேசுபவரின் வேலைகள். குரலை மட்டும் நம்புபவரைவிட, செய்தியைப் படித்துப் பழகியவருக்கு வாய்ப்பு அதிகம்.

இப்போது முதலில் படித்த அந்த வரிக்குப் போய், ஒருமுறை மனதுக்குள் புரிந்துகொண்டு, மூச்சை இழுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். பாலம் நாளை திறக்கப்படுமா, படாதா என்று அவரிடம் கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால், முதல் பாடத்தில் நீங்கள் பாஸ்.